சட்டம் பார்க்காத அடுப்பு

2025 ஜூன் மாதம், உடன்குடிக்குத் தென்மேற்கே கடலோரம் இருக்கும் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பனையில் ஏறிக் கள் இறக்கினார். கள்ளுக்கு இருக்கும் தடையை மீறுவதற்காக நடந்த போராட்டம் அது. கேமராக்கள் எல்லாம் மரத்தின் உச்சியைப் பார்த்தன. அடுத்த சில நாட்கள் தமிழ்நாடு முழுவதும் பழைய விவாதம் மறுபடி நடந்தது. கள் உணவா, போதையா? டாஸ்மாக் இருக்கும் நாட்டில் கள்ளுக்கு மட்டும் ஏன் தடை? பனையேறியின் வாழ்வாதாரம் என்ன ஆவது?

எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த விவாதத்தில் மரம் இருந்தது, ஏறுகிறவர் இருந்தார், குடிக்கிறவர் இருந்தார், வரி வாங்கும் அரசு இருந்தது. மரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓலை வேய்ந்த விடிலிக்குள், கொதிக்கும் பதனீரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் இல்லை. இந்த விடுபடல் 2025இல் தொடங்கியது அல்ல. மது பற்றிய சட்டங்கள் இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்து அவள் விடுபட்டே இருக்கிறாள். வீட்டில் ஒரு பானத்தை ஆக்குவது எப்போது தொழில், எப்போது குற்றம், எப்போது அரசின் வருமானம் என்று சட்டம் மாறிமாறிச் சொல்லிவந்த கதையை அவளுடைய அடுப்படியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே இந்தக் கட்டுரை.

ஒரே சாறு, இரண்டு வழி

உடன்குடி என்றால் கருப்பட்டி. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தாமிரபரணியின் வாய்க்கால்கள் நெல்லும் வாழையும் விளைவிக்கும் பகுதியைத் தாண்டித் தெற்கே வந்தால் நிலம் சிவக்கும். தேரி மணல். அங்கே நிற்பது பனை.

பனம்பாளையைச் சீவினால் வடிகிற சாறு ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதிகள் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும், அது கள். ஒரு கை சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேலி.

ஆனால் இந்த இரண்டு வழிகளும் வீட்டுக்குள் வேறு வேறு ஆட்களிடம் போய்ச் சேர்கின்றன. கள்ளுக்கு அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். இறக்கிய நாளே விற்றுப் பணமாக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் ஆண்களின் கையில் புழங்கும். அதில் ஒரு பகுதி கடையிலேயே தங்கிவிடும். பதனீர் அப்படியல்ல. காலையில் இறக்கியதை வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். சுண்ணாம்பும் அதிக நேரம் காப்பாற்றாது. நல்ல பதனீர் ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட வேண்டும். பாகு பதம் வரும்போது கை ஓயாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். கொஞ்சம் முந்தினால் உறையாது, கொஞ்சம் பிந்தினால் கருகும். பிறகு சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். பனைப் பருவம் கோடைப் பருவம். வெளியே சித்திரை வெயில், உள்ளே அடுப்பு. இதற்கான விறகைப் பொறுக்குவதும் மட்டையைக் காயவைப்பதும் தண்ணீர் சுமப்பதும் இந்தக் கணக்கில் சேராத வேலைகள்.

பதம் பார்ப்பது ஒரு தொழில்நுட்பம். ஆனால் பனையேறுவது 'தொழில்' என்றும், காய்ச்சுவது 'வீட்டு வேலை' என்றும் பெயர் பெற்றன. ஏறுகிறவர் எத்தனை மரம் ஏறினார் என்பதற்குக் கணக்கு உண்டு. அவள் எத்தனை மணி நேரம் புகையில் இருந்தாள் என்பதற்குக் கணக்கு இல்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கருப்பட்டி கெடாது. அடுப்புக்கு மேலே பரணில் புகைபட வைத்திருந்து, மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்கலாம். கடனுக்குச் சிக்காத குடும்பத்தில் அந்தப் பரண்தான் பெண்ணின் சேமிப்பு. முன்பணம் கொடுத்த வியாபாரி பருவத்திலேயே வந்து எடுத்துப் போய்விட்டால் அந்தச் சேமிப்பும் இல்லை. ஆக, சுண்ணாம்பு தடவிய கலயம் பெண்ணுக்கு வேலையைக் கூட்டியது. சில வீடுகளில் பிடிமானத்தையும் கொடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கள் பற்றிய எந்தச் சட்டத்தையும் நம்மால் எடைபோட முடியாது.

மரத்தை எண்ணிய அரசு

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் பனை, தென்னை, ஈச்ச மரங்களிலிருந்து எடுக்கும் சாறு புளித்தாலும் புளிக்காவிட்டாலும் அதைக் 'கள்' என்றே வரையறுத்தது. வரி வாங்க அதுதான் வசதி. கள் இறக்கும் மரத்துக்கு வரி, விற்கும் கடைக்கு ஏலம். மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்றாக ஆப்காரி வளர்ந்தது. இந்த அமைப்பில் மரமும் கடையும் அரசின் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சும் இடத்தில் வரி விதிக்க ஒன்றும் இல்லை. ஆகவே அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

மிஷனரிகள் வேறொரு விதத்தில் பார்த்தார்கள். 1841இல் இடையன்குடியில் குடியேறிய ராபர்ட் கால்டுவெல் 1849இல் பனையேறும் சமூகத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற அதன் தலைப்பும், அந்தச் சமூகத்தைத் தாழ்வாகப் பேசிய அதன் தொனியும் பின்னால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவருடைய மனைவி எலைசா கால்டுவெல், நாகர்கோவிலில் தன் தாய் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னும் வேலையை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊசியும் நூலும் பெண்ணின் 'கைத்தொழில்' ஆனது. அதே பெண் அதே நாளில் செய்த கருப்பட்டிக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தது கம்பெனி. பாரி நிறுவனத்தினர் குலசேகரன்பட்டினத்தில் பனைச் சர்க்கரை ஆலை நடத்தினார்கள். அதை ஒட்டி, திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு சிறு ரயில்பாதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓடியது. பனஞ்சாற்றின் இனிப்புக்காகத் தேரிக்காட்டில் ரயில் விட்ட காலம் அது. இதே நிறுவனக் குழுமம் வேறு ஊரில் உரிமத்தோடு சாராயமும் வடித்தது. பெரிய கொப்பரையில் செய்தால் அது ஆலை. வீட்டுப் பானையில் செய்தால் குற்றம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். இது வேறு நாடுகளிலும் நம்மை எதிர்கொள்ளும்.

தடை, திறப்பு, தடை

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தடை கள்ளின் மேல் விழுந்தது. பதனீருக்கு, சுண்ணாம்பு நிபந்தனையோடு, வழி விடப்பட்டது. காந்தியின் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும் அதை நடத்திய ஜே.சி. குமரப்பாவும் கள் இறக்கிய மரங்களிலெல்லாம் இனிப்புச் சாறு இறக்கிப் பனைவெல்லம் செய்யலாம் என்று ஏற்கெனவே சொல்லிவந்தார்கள். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின.

காகிதத்தில் இது எளிய மாற்றம்: கள் இறக்கியவர் இனி பதனீர் இறக்குவார். விடிலியிலிருந்து பார்த்தால் இதன் பொருள் வேறு. கள்ளாகப் போயிருக்க வேண்டிய ஒவ்வொரு கலயமும் இனி அடுப்புக்கு வரும். மதுவிலக்கு என்ற பெரிய அறத்தின் உழைப்புப் பங்கு அடுப்படியில் இருந்தவள் தலையில் இறங்கியது. கள் இறக்குகிறவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று அரசும் சங்கங்களும் பேசின. அந்த மாற்றுத் தொழிலின் பாதி வேலையைச் செய்யப்போகிறவள் யார் என்று பேசப்படவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் மாறிக்கொண்டே இருந்தது. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் திறந்தன. 1973இல் கள்ளுக்கடைகள், 1974இல் சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடைசெய்யப்பட்டன. அன்று விழுந்த கள் தடை இன்றுவரை நீங்கவில்லை. இடையே 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. இன்று அதன் வழியே அரசுக்கு வரும் ஆண்டு வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இந்த வரிசையைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். மரத்திலும் வீட்டிலும் ஆகிற மது படிப்படியாகக் குற்றமானது. ஆலையில் ஆகிற மது படிப்படியாக அரசின் வியாபாரமானது. குடி குறையவில்லை. குடியை ஆக்கும் உரிமை மட்டும் கைமாறியது.

குற்றத்தின் முகம்

வீட்டில் கள்ளோ சாராயமோ பிடிபட்டால், அது தன்னுடையது அல்ல என்று திருப்தியாக விளக்க வேண்டிய சுமையை மதுவிலக்குச் சட்டம் வைத்திருப்பவர் மேலேயே போடுகிறது. வீட்டில் எப்போதும் இருப்பவள் யார்? கணவன் மரத்திலோ சந்தையிலோ இருக்கும்போது, பானையின் பக்கத்தில் நிற்பவள் யார்? இறக்குவதில் உரிமை இல்லாதவளுக்குக் குற்றத்தில் மட்டும் பங்கு வந்தது.

1982இல் வந்த, மக்கள் வாயில் 'குண்டர் சட்டம்' எனப்படும் தடுப்புக்காவல் சட்டத்தின் முழுப் பெயரைப் படித்தால் அதில் முதலில் வருவது குண்டர்கள் அல்ல. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், விற்போர். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்க அது வழிசெய்கிறது. சாராயம் விற்றுப் பிழைக்கும் பெண், பெரும்பாலும் கணவனை இழந்தவள் அல்லது கணவன் கைவிட்டவள், நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் பழகிய பாத்திரம். அவளைக் கேலியாகவோ வில்லியாகவோ காட்டியிருக்கிறார்கள். வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டது குறைவு.

இதைச் சொல்லும்போது நச்சுச் சாராயத்தை மறந்துவிடக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. மெத்தனால் கலப்பது கொலை. அதைக் கள்ளோடும், வீட்டில் புளிக்கவைத்த எதனோடும் ஒரே தட்டில் வைப்பதுதான் சிக்கல். தண்டனையின் கனம் கூடக்கூட, நச்சுச் சரக்கு விற்றவனுக்கும் சுண்ணாம்பு போதாமல் புளித்த பானைக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வர்க்கமும் இதில் உண்டு. கேரளத்தில் 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்தில், வீட்டில் ஒயின் செய்வது குற்றம் என்று கலால்துறை எச்சரித்தபோது பெரிய சலசலப்பு எழுந்தது. பரம்பரைக் கைப்பக்குவத்தைக் குற்றமாக்குவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே கேள்வியை விடிலிக்காரிக்காகக் கேட்க அவ்வளவு குரல்கள் எழவில்லை. திராட்சை ஊறும் ஜாடி மரபு. பனஞ்சாறு புளிக்கும் பானை குற்றம்.

மற்ற ஊர்ப் பானைகள்

வீட்டுப் பானை பெண்ணின் கையிலிருந்து பறிபோன கதை நம்முடையது மட்டுமல்ல. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் என்ற பியர் வகையை வீட்டில் வடித்து, மிஞ்சியதை அக்கம்பக்கம் விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1300 முதல் 1600 வரை அவர்கள் எப்படி அந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் விரிவாக எழுதியிருக்கிறார். முதலும் உரிமமும் பெரிய கொப்பரையும் தேவைப்பட்டபோது தொழில் லாபகரமானது, லாபகரமானபோது ஆண்களுடையதானது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1908இல் வந்த ஒரு சட்டத்தைப் பயன்படுத்தி டர்பன் நகராட்சி, ஆப்பிரிக்கர்களுக்குப் பியர் விற்கும் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. வீட்டில் பியர் வடித்துப் பிள்ளைகளை வளர்த்த ஆப்பிரிக்கப் பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். நகராட்சியின் பியர் மண்டபத்தில் ஆண்களின் கூலி கரைந்தது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் அந்த மண்டபங்களுக்குள் புகுந்து ஆண்களை விரட்டினார்கள். நம் தமிழ் ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியினரும் வாழ்ந்த பகுதி அது. அந்தப் பெண்கள் குடிக்கு எதிராகவா எழுந்தார்கள், குடியை ஆக்கும் உரிமைக்காகவா? இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அரசு விற்கும் குடி வீட்டைத் தின்றது. தாங்கள் ஆக்கிய பானம் வீட்டுக்குச் சோறு போட்டது.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு முடிந்த பிறகும் வீட்டில் பியர் வடிப்பது கூட்டரசுச் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. ஒயினுக்கு ஒரு சலுகை இருந்தது: ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் செய்யலாம். யார்? 'குடும்பத் தலைவர்'. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தச் சொல்லை விலக்கி, வயதுவந்த யாரும் தம் வீட்டுத் தேவைக்கு பியரும் ஒயினும் செய்யலாம் என்றது. அப்போதும் ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதித்தன. வீடு என்றவுடன் சட்டத்தின் மனத்தில் ஒரு தலைவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அங்கே அவர் ஒயின் செய்யும் தலைவர். இங்கே அவர் மரம் ஏறும் தலைவர்.

கடையை எதிர்த்த பெண்கள்

'பெண்கள் மதுவுக்கு எதிரானவர்கள், ஆகவே கள்ளுக்கும் எதிரானவர்கள்' என்று சொல்லி விவாதத்தை முடித்துவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் சாராயத் தடையைக் கொண்டுவந்தது. அவர்கள் எதிர்த்தது கடையை. ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரனை. கூலி வீடு வந்து சேருமுன் வழியில் நின்று வாங்கிக்கொள்ளும் அமைப்பை. அடியை, உதையை, காலிப் பானையை.

அந்தப் போராட்டங்களின் நியாயம் இம்மியும் குறையாது. ஆனால் அவற்றின் பலனை அரசுகள் எப்படி அறுவடை செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பெண்களின் கண்ணீரைச் சொல்லிக் கள்ளை மூடிய நம் மாநிலத்தில், அதே பெண்களின் தெருமுனையில் அரசே கடை நடத்துகிறது. கடையை மூடு என்று இன்று பெண்கள் மறியல் செய்தால் எதிரே நிற்பது ஒப்பந்தக்காரன் அல்ல, காவல்துறை.

அடுப்படியிலிருந்து ஒரு கேள்வி

கள் தடையை நீக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்ற பதிலை விடிலியிலிருந்து சொல்ல முடியாது. நீக்கினால் அவளுடைய அடுப்பு வேலை குறையலாம். கூடவே பரணில் இருக்கும் சேமிப்பும் குறையலாம். அன்றாடப் பணம் கடையில் நிற்கலாம். நீக்காவிட்டால் புகையும் வெயிலும் தொடரும். அடுத்த தலைமுறை பனையை விட்டுப் போகும். போய்க்கொண்டும் இருக்கிறது. வெட்டும் பனைக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்லது; ஆனால் ஏறவும் காய்ச்சவும் ஆள் இல்லாத மரத்தை அனுமதி மட்டும் காப்பாற்றாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்போம். நாளை கள்ளுக்கு உரிமம் வந்தால் அது யார் பெயரில் வரும்? மரத்துக்கு உரியவர் பெயரிலா, ஏறுகிறவர் பெயரிலா, காய்ச்சுகிறவள் பெயரும் சேர்ந்தா? விற்பனை ஏலக்காரன் கைக்குப் போகுமா, ஊர்ப் பெண்களின் கூட்டுறவுக்குப் போகுமா? கள் வராமல் பதனீரே தொடர்ந்தால், புகையில்லா அடுப்பும் விறகும் அரசின் பொறுப்பில் சேருமா? பனைத்தொழிலாளர் நலத்திட்டங்களில் அவள் இன்னாருடைய மனைவியாக அல்லாமல் தொழிலாளியாகவே பதிவாவாளா? 2017இல் தென்னை நீராவுக்கென்று தனி விதிகளை அரசால் எழுத முடிந்தது. தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. நிறுவனங்களுக்கு எழுத முடிந்த விதியை விடிலிக்கு எழுத முடியாதா?

உடன்குடிக் கருப்பட்டியின் புவிசார் குறியீடு ஓர் ஊரின் மண்ணுக்கும் நீருக்கும் கைப்பக்குவத்துக்கும் கொடுத்த சான்று. மண்ணுக்குப் பெயர் இருக்கிறது, ஊருக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கைப்பக்குவம் யாருடைய கையில் இருக்கிறது என்று சட்டத்தில் எழுதுகிற நாளில்தான், கள்ளைத் திறப்பதா மூடுவதா என்று நாம் நேர்மையாகப் பேசத் தொடங்க முடியும்.